ஃபோல்சம் ஏரிக்குக் கிளம்பும் முன்

மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதி. சாக்ரமெண்டோ பக்கம் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை உட்கார வைத்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, ஆற அமரப் பதினோரு மணிக்கு ஃபோல்சம் ஏரி வாசலுக்குப் போனால், கார் நிறுத்த இடமில்லை என்று வாசலை மூடியிருப்பார்கள். விடுமுறை நாளில் கிரானிட் பே, பீல்ஸ் பாயிண்ட் இரண்டுமே முற்பகலிலேயே நிரம்பிவிடும். ஏமாற்றம்தான், ஆனால் அது வெறும் அலைச்சலோடு போய்விடும். உண்மையான ஆபத்து வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

இன்டெல் வளாகம் உள்ள ஃபோல்சம் ஊரில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. நம்மவர்கள் பலர் இந்த ஏரியைச் சற்றுப் பெரிய நகராட்சிப் பூங்கா என்றே நினைக்கிறார்கள். இது பூங்காக் குளம் அல்ல. அமெரிக்கன் ஆற்றின் குறுக்கே கட்டி 1956இல் முடித்த அணையின் நீர்த்தேக்கம். கரை மட்டுமே சுமார் 75 மைல். நிலம் மத்திய அரசின் நீர்மேலாண்மைத் துறைக்குச் சொந்தம், பொழுதுபோக்கு இடமாக நடத்துவது கலிஃபோர்னியா மாநிலப் பூங்காத் துறை. இந்த இரட்டை அதிகாரத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதலில் தண்ணீர். ஏரிக்கு வருவது சியரா நெவாடா மலையின் பனி உருகிய நீர். வெளியே சட்டை ஒட்டும் வெயில் அடிக்கும் மே மாதத்திலும் ஏரி குளிர்ந்தே கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மேல்மட்டம் சூடேறும். ஆழத்தில் குளிர் அப்படியே இருக்கும். அணைக்குக் கீழே உள்ள நடோமா ஏரி இன்னும் ஏமாற்றுக்காரி. ஃபோல்சம் அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடும் நீர்தான் அங்கே வருகிறது. ஆகவே பெரிய ஏரியில் சுகமாகக் குளிக்கலாம் என்ற நாளிலும் நடோமா பற்களைக் கிட்டிக்க வைக்கும். பார்வைக்கு அமைதியான, சின்ன ஏரி. அதுதான் வம்பு.

“நான் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன், எனக்கென்ன?” என்று மாமாக்கள் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். கிணற்று நீச்சலும் காவிரி நீச்சலும் வெதுவெதுப்பான தண்ணீரில் கற்றவை. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெருமூச்சை இழுக்கும். அந்த நொடி தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். மீட்புக்காரர்கள் ‘1-10-1’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கடும் குளிர் நீரில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிடத்திலோ அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளோ மூழ்கிவிடலாம். விழும்போதே மிதவை அங்கி உடம்பில் இருக்க வேண்டும். விழுந்தபின் தேடி மாட்ட விரல் மடங்காது.

26 அடிக்கு மேற்படாத படகு நகரும்போது, 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மிதவை அங்கி அணிந்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஜெட் ஸ்கீயில் வயது பேதமே இல்லை, எல்லாரும் அணிய வேண்டும். மற்றப் படகுகளில், கயாக்கிலும்கூட, பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். வாங்க மனமில்லையா? மாநிலத்தின் படகுப் போக்குவரத்துப் பிரிவு பல ஊர்களில் இரவல் நிலையங்கள் நடத்த உதவுகிறது, காசு கிடையாது. காற்றடித்த வாத்து பொம்மையும் டயரும் மிதவை அங்கி ஆகாது. மாலைக் காற்று கிளம்பினால் அவை குழந்தையோடு நடு ஏரிக்குப் போய்விடும்.

நீர்மட்டம் இன்னொரு பொறி. வேனில் முற்ற முற்ற ஏரி வற்றும். 2015 இறுதியில் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கீழிறங்கியது. கடும் வறட்சிக் காலங்களில், அணைக்கு முன்பிருந்த மோர்மன் ஐலண்ட் என்ற தங்க வேட்டைக் கால ஊரின் எச்சங்கள்கூட வெளியே தெரிந்தன. போன மாதம் ஆளை மறைக்கும் ஆழம் இருந்த இடத்தில் இந்த மாதம் முழங்காலளவு நீருக்கடியில் கருங்கல் நிற்கும். தலைகீழாகப் பாய வேண்டாம். எவ்வளவு பழகிய இடமானாலும் வேண்டாம்.

அந்தத் தங்க வேட்டை இன்னொரு சொத்தையும் விட்டுப்போயிருக்கிறது: பாதரசம். தங்கத்தைப் பிரிக்கக் கொட்டியது இன்னும் வண்டலில் கிடந்து மீன்களுக்குள் ஏறுகிறது. மற்ற மீனைத் தின்று வளரும் பாஸ் போன்றவற்றில் அதிகம், டிரவுட்டில் குறைவு. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் பாதரசம் போகாது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் எதை, வாரம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலகம் அறிவுரை வெளியிட்டிருக்கிறது. தூண்டில் போடுமுன் படித்துவிடுங்கள். 16 வயது நிரம்பியவருக்கு மீன்பிடி உரிமமும் வேண்டும்.

கரையோரப் புல்லில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 911ஐ அழையுங்கள். ஏரி மூன்று கவுன்டிகள் சந்திக்கும் இடத்தில் கிடப்பதால், எந்த வாசல், எந்தக் கரை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோருக்குக் காப்பீடு இல்லையே என்று வீட்டிலேயே மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. அவசர சிகிச்சைப் பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனை, பணமோ காப்பீடோ இல்லை என்பதற்காக உங்களைப் பரிசோதிக்காமலோ ஆபத்து நிலையைச் சீர்ப்படுத்தாமலோ திருப்பி அனுப்பக் கூடாது. 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அது. பில் பிறகு வரும், பெரிதாகவே வரும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை தரக் கலிஃபோர்னியா மருத்துவமனைகள் கடமைப்பட்டவை, கேட்டால்தான் கிடைக்கும்.

சொந்த மோட்டார் படகு உள்ளவர்கள் அவசரப்படக் கூடாது. 2025 முதல் வயது எதுவானாலும் படகோட்டி அட்டை வேண்டும். வாடகைப் படகுக்கு விலக்கு உண்டு. கோல்டன் மசல் என்ற வேற்றுநாட்டுச் சிப்பி 2024இல் கலிஃபோர்னியாவின் டெல்டாப் பகுதியில் தென்பட்டதால், டிரெய்லரில் வரும் மோட்டார் படகுகளைச் சோதித்து முத்திரையிட்டு 30 நாள் காக்கவைக்கும் ஏற்பாடும் வந்தது. கிளம்புமுன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு ஒரு வழி: பொது நூலகங்கள் பல, மாநிலப் பூங்கா அனுமதிச் சீட்டைப் புத்தகம் மாதிரியே இரவல் தருகின்றன.

ஒரு தவறு நேர்ந்தால் என்ன செய்வது? நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதாகச் சீட்டு ஒட்டியிருந்தால், அது தவறு என்று நினைத்தால், கொடுத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குப் பிறகு விசாரணை, அதற்கும் பிறகு நீதிமன்றம் என்று படிகள் உண்டு. ரேஞ்சரிடம் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். அவர் பூங்காக் காவலாளி அல்ல. கைது செய்யும் அதிகாரம் உள்ள காவல் அதிகாரி.

படகு வாடகைக்கு எடுக்கும்போது ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். சாதாரண அசட்டைக்கு அது பெரும்பாலும் செல்லும். படுமோசமான அலட்சியத்தை அந்தத் தாள் காப்பாற்றாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லிவிட்டது. வழக்கு ஒரு நகராட்சிக் கோடை முகாமில் நீரில் மூழ்கிய குழந்தை பற்றியது.

அரசிடம் இழப்பீடு கேட்பது இன்னும் கடினம். மேம்படுத்தப்படாத பொது நிலத்தின் இயற்கை நிலையால் வரும் காயத்துக்கு மாநிலம் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. ஏரியையும் கடற்கரையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. குளிர்ந்த நீர், வழுக்கும் பாறை எல்லாம் அநேகமாக உங்கள் கணக்கு. உடைந்த படித்துறை, பழுதான கைப்பிடி என்றால் கதை வேறு. உடனே புகைப்படம் எடுங்கள், சாட்சிகளின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள், அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மாநிலத்தின் மீது காயத்துக்கான கோரிக்கையை 6 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மத்திய அரசு பொறுப்பென்றால் 2 ஆண்டு. எது யாருடையது என்று தெரியாவிட்டால் இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள், ஆறு மாதக் கணக்கையே கெடுவாக வைத்துக்கொண்டு.