தனியே ஒரு நகருலா

குடும்பத்தோடு சுற்றுலா செல்லும்போது நமக்கு அதிகப் பொறுப்பு இருப்பதில்லை. அப்பா பயணச்சீட்டு எடுத்திருப்பார். அம்மா வழிக்கு உணவு கட்டியிருப்பார். பள்ளிச் சுற்றுலாவிலோ ஆசிரியர் தலைகளை எண்ணிப் பேருந்தில் ஏற்றிவிடுவார். ஆனால், பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகத்திலோ வேலையிலோ சேர்ந்த பிறகு, ஒருநாள் தனியே ஓர் ஊரைப் பார்க்கப் புறப்படுவோம். அன்று, விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம்வரை நிற்கும் உரிமை நம்முடையது. அதே வேளையில், முடிவு தவறினால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளவோ வழியை நினைவூட்டவோ உடன் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே, தனிப்பயணத்துக்குத் திட்டமிடும் திறன் தேவை. ஜோர்ஜ்டவுன் நகருக்கு இரண்டு நாள் செல்வதாக வைத்துக்கொண்டு, அத்திறனைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் விடை காண வேண்டிய கேள்வி, 'எங்கே தங்குவது?' என்பதன்று; 'எதைப் பார்க்கப் போகிறோம்?' என்பதே. ஜோர்ஜ்டவுன் 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் தொடங்கிய துறைமுக நகரம். 2008ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்த்து, யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பாரம்பரியப் பகுதியின் மையம் ஏறக்குறைய 109 ஹெக்டர்தான். செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று சில நிமிட நடைத் தொலைவிலேயே உள்ளன. சுவரோவியங்களால் பெயர்பெற்ற ஆர்மினியன் வீதியும் கடல்மேல் கால்நட்டு நிற்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறை வீடுகளும் அங்கிருந்து தொலைவில் இல்லை. எனவே, இது நடந்து பார்க்க வேண்டிய நகரம்.

பார்க்க விரும்பும் இடங்களை வரைபடத்தில் குறித்தால், அவை தாமாகவே குழுக்களாகப் பிரிவதைக் காணலாம். பழைய நகரம் ஒரு குழு. ஆயர் ஈத்தாம் பக்கமுள்ள கொடிமலையும் கெக் லோக் சி கோயிலும் மற்றொரு குழு. முதல் நாளைப் பழைய நகருக்கும் இரண்டாம் நாளை மலைப்பக்கத்துக்கும் ஒதுக்கினால், ஒரே சாலையில் பலமுறை அலைய வேண்டியதில்லை. கொடிமலையின் மலை ரயிலில் விடுமுறை நாள்களில் கூட்டம் மிகும். ஆகையால், காலையிலேயே செல்வது நல்லது. பருவநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். மற்ற மாதங்களிலும் நண்பகல் வெயில் நடப்பவரைக் களைப்படையச் செய்யும். காலையில் நடந்து, நண்பகலில் ஓய்ந்து, மாலையில் மீண்டும் நடப்பதே இந்நகருக்கு ஏற்ற முறை.

இத்திட்டம் உருவான பிறகுதான் தங்குவிடுதியைத் தேட வேண்டும். வரிசையை மாற்றினால் என்ன நேரும்? ஒருவர் படத்தில் கண்ட நீச்சல்குளத்தில் மயங்கி, பத்து பெரிங்கி கடற்கரையில் ஓர் ஆடம்பர விடுதியைப் பதிவு செய்துவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அது பழைய நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நண்பகலில் ஓய்வெடுக்கத் திரும்பினால், மாலையில் மறுபடி நகருக்கு வர மனம் வராது. வந்தாலும், வாடகை வண்டிச் செலவையும் சாலை நெரிசலையும் அவர் ஒருவரே சுமக்க வேண்டும். அந்த விடுதியில் குறையில்லை. கடலைக் காண வந்தவருக்கு அது மிகச் சிறந்த இடம். ஆனால், அவர் வந்தது நகரைக் காண. பாரம்பரியப் பகுதியிலோ அதன் ஓரத்திலோ தங்குபவருக்கு, ஒரு நாள் இரண்டு நாள்களுக்கு ஒப்பாகும்.

விடுதியின் நட்சத்திரங்கள் நமக்கு எதைச் சொல்கின்றன? அறை, வசதி, சேவை ஆகியவற்றின் தரத்தைச் சொல்கின்றன. நம் பயணத்துக்கு அந்த இடம் பொருந்துமா என்பதைச் சொல்வதில்லை. விலையையும் கவனமாகப் படிக்க வேண்டும். சில விளம்பரங்களில் விலைக்கு அருகே இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேர்க்கப்படவில்லை என்பது அவற்றின் பொருள். ஓர் அறை 400 ரிங்கிட் என்று காட்டப்பட்டிருந்து, 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 8 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்தால், தொகை 470 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். மேலும், பெரும்பாலான விடுதிகளில் அறைக்குத்தான் விலையே தவிர, ஆளுக்கு அன்று. இருவர் பகிரும் செலவைத் தனிப்பயணி முழுமையாகச் செலுத்துகிறார். ஆகவே, தாம் பயன்படுத்தாத வசதிகளுக்குப் பணம் தருகிறோமா என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நாசி கண்டாரும் அப்பமும் தெருமுனையிலேயே கிடைக்கும் ஊரில், விலையுயர்ந்த காலை உணவு தேவைதானா?

சில வேளைகளில் விடுதியே பார்க்க வேண்டிய இடமாக அமைவதுண்டு. ஆர்மினியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885ஆம் ஆண்டில் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதி, இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. சியோங் பாட் சீ என்ற வணிகரின் நீல மாளிகையும் சீரமைக்கப்பட்டு விடுதியாகச் செயல்படுகிறது. அங்குத் தங்காதவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கி, வழிகாட்டியின் விளக்கத்தோடு மாளிகையைச் சுற்றிப் பார்க்கலாம். ஆடம்பரத்தை அனுபவிக்க ஒவ்வோர் இரவும் அங்கேயே தங்க வேண்டும் என்பதில்லை. ஓரிரவு மட்டும் அத்தகைய இடத்தில் தங்கி, மற்ற இரவை எளிய விடுதியில் கழிப்பதும் நல்ல திட்டமே. 'விரலுக்கேற்ற வீக்கம்' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

விலையைவிட முக்கியமானது பாதுகாப்பு. வரவேற்பு முகப்பில் 24 மணி நேரமும் ஆள் உண்டா, மின்தூக்கியை இயக்க அறை அட்டை தேவையா, இரவில் விடுதிக்குத் திரும்பும் சாலை வெளிச்சமாக இருக்குமா என்பனவற்றை முன்பே கேட்டறிய வேண்டும். இணையத்தில் உள்ள கருத்துகளில், அண்மையில் எழுதப்பட்டவற்றையும் தனியாகத் தங்கியவர்கள் எழுதியவற்றையும் தேடிப் படிக்கலாம். பதிவை நீக்கினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். விடுதியின் பெயர், பயண நேரங்கள், ஒவ்வொரு நாளும் செல்லும் இடங்கள் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். 999 என்ற அவசர எண்ணையும் நினைவில் வைத்திருத்தல் நலம்.

பல விடுதிகள் 18 வயது நிரம்பாதவர்களைத் தனியே தங்க அனுமதிப்பதில்லை. எனவே, உங்களுள் பலர் தனிப்பயணத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனால், திட்டமிடக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் குடும்பம் செல்லவிருக்கும் ஊருக்கான வரைபடத்தையும் நாள் அட்டவணையையும் செலவுக் கணக்கையும் நீங்களே தயாரித்துப் பாருங்கள். அப்பா ஒரு கேள்வி கேட்பார். அம்மா ஒரு பிழையைக் காட்டுவார். அவற்றைத் திருத்தும்போது நீங்கள் கற்பது, தனியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும் நாளில் உங்களுக்குக் கைகொடுக்கும்.