டேப் தட்டினால் மிச்சத்தைக் கணினி எழுதுமா?



நம்ம கணினி அறையில் லினக்ஸ் முனையத்தைத் திறந்து, ஒரு கோப்புப் பெயரின் முதல் சில எழுத்தை அடித்து டேப் தட்டினால் மீதி தானாக வந்து உட்காரும். பார்த்திருப்பீர்கள். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் 'பாஷ்' செய்கிற வேலை இது. கோப்புப் பெயர்கள் அதற்குத் தெரியும். நாமே எழுதிய கட்டளை என்றால்? நாம்தான் சொல்லித் தரணும்.

நூலகக் கணக்குக்காக 'நூல்' என்று ஒரு கட்டளை எழுதினேன். அதற்குத் துணைக்கட்டளைகள் மூன்று: கொடு, திருப்பு, தேடு. (இங்கேதான் தமிழ். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிப்பேன்.) 'நூல் திருப்பு 147' என்றால் 147-ஆம் புத்தகம் திரும்பி வந்துவிட்டது. ஒருநாள் 174 என்று மாற்றி அடித்துவிட்டேன். புத்தகத்தை ஒழுங்காகக் கொடுத்த தோழியைப் பார்த்து "எங்கே தொலைச்சே?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. பாவம், அழுதே விட்டாள்.

அதற்குப் பிறகுதான் டேப் வேலையைக் கற்றேன். டேப் தட்டியதும் பாஷ், நாம் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடும். எந்தக் கட்டளைக்கு எந்த ஃபங்ஷன் என்று 'கம்ப்ளீட்' மூலம் முன்பே சொல்லி வைக்கணும். இதுவரை அடித்த சொற்கள் 'காம்ப் வேர்ட்ஸ்' வரிசையில் இருக்கும். எத்தனையாவது சொல்லில் நிற்கிறோம் என்பதை 'காம்ப் சிவேர்ட்' சொல்லும். எண்ணுவது 0-இலிருந்து: 'நூல்' 0, துணைக்கட்டளை 1. விடைகளை 'காம்ப்ரிப்ளை'யில் போட்டால் போதும்.

முதலில் நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. 'நூல் திருப்பு' அடித்து டேப் தட்டினால் மறுபடியும் கொடு, திருப்பு, தேடு! எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு இப்படி மாற்றினேன். எண் 1 என்றால் அந்த மூன்று சொற்கள். எண் 2 என்றால் துணைக்கட்டளை எது என்று பார்க்கும்: 'திருப்பு' என்றால் வெளியே போயிருக்கிற புத்தக எண்கள் மட்டும், 'கொடு' என்றால் அலமாரியில் இருப்பவை மட்டும். அடித்த எழுத்தில் தொடங்குபவற்றைப் பொறுக்க 'காம்ப்ஜென்' உண்டு. அதை விட்டால் 14 அடித்த பிறகும் எல்லா எண்ணும் வந்து நிற்கும்.

இப்போது 174 அலமாரியில் இருந்தால் டேப் அதைக் காட்டாது. ஆனால் தடுக்கவும் செய்யாது, நாமே முழுசாக அடித்தால் போய்விடும். அதனால் 'நூல்' கட்டளைக்குள்ளேயும் ஒரு சோதனை வைத்தேன்.

இன்னொன்று. எழுதிய கோப்பை 'சோர்ஸ்' கட்டளையால் ஏற்றினால்தான் வேலை செய்யும். அது தெரியாமல் ஒரு பீரியட் முழுக்க டேப்பைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

- 9-ஆம் வகுப்பு மாணவி