பேராசிரியரின் மெயில் ஐடி எங்கே இருக்கிறது?

எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சி எடுக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அலையாத்திக் காடுகளைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து, கற்றால் அவரிடம்தான் கற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். பெயர் தெரியும், நிறுவனம் தெரியும். மெயில் ஐடி தெரியாது. பெரிய நிறுவனத்தில் படிப்பவளாக இருந்தால் சீனியர் யாராவது கொடுத்திருப்பார்கள், அல்லது கைடே ஒரு வார்த்தை எழுதிவிடுவார். அந்த வசதி இல்லாத ஊர்களில் இருந்து வருகிற பிள்ளைகள் பலர் இந்தச் சின்ன இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. எங்கே முதலில் பார்ப்பது, எதை எவ்வளவு நம்புவது என்று தெரிந்தால் போதும்.

எல்லோரும் முதலில் செய்வது, கூகுளில் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ‘இமெயில்’ என்று தட்டுவது. வந்து விழுபவற்றில் பல, முகவரி விற்கிற தளங்கள். பாதி எழுத்தை நட்சத்திரக் குறியால் மறைத்து, மீதியைப் பார்க்கப் பணம் கட்டு என்பார்கள். அவர்கள் காட்டுவதில் கணிசமான பகுதி ஊகம்: அந்த நிறுவனத்தில் மற்றவர்களுடைய முகவரி எந்த அமைப்பில் இருக்கிறதோ, அதே அச்சில் இவருடைய பெயரையும் வார்த்துக் கொடுப்பார்கள். அதை மூடிவிட்டு, அவள் ஏற்கெனவே படித்த கட்டுரைக்கே திரும்பிப் போகட்டும்.

ஆய்வுக் கட்டுரைக்கு எத்தனை ஆசிரியர்கள் இருந்தாலும், அவர்களில் ஒருவராவது ‘கரஸ்பாண்டிங் ஆதர்’ என்று குறிக்கப்பட்டிருப்பார். கட்டுரையைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லும் பொறுப்பு அவருடையது. பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரமோ சின்ன அஞ்சல் உறையோ இருக்கும். முதல் பக்கத்தின் அடியிலோ கட்டுரையின் கடைசியிலோ முகவரி இருக்கும். இந்த முகவரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முன்பின் தெரியாதவர்கள் எழுதட்டும் என்றே அவர் அதை அச்சில் விட்டிருக்கிறார். நாம் துருவி எடுத்தது இல்லை, அவரே நீட்டியது. கட்டுரை முழுவதும் பணம் கட்டினால்தான் திறக்கும் என்றாலும், இதழின் இணையப் பக்கத்தில் சுருக்கத்துக்கு மேலே ஆசிரியர் பெயரைத் தொட்டால் பெரும்பாலும் முகவரி விரியும். உயிரியல், மருத்துவக் கட்டுரை என்றால் பப்மெட் தளத்தில் ஆசிரியர்களின் நிறுவன விவரத்தை விரித்தாலும் பல நேரம் அங்கேயே இருக்கும்.

ஆனால் கட்டுரையின் ஆண்டைப் பார்க்க வேண்டும். 2012-இல் வந்த கட்டுரையில் இருக்கும் முகவரி இன்று உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முனைவர் பட்டம் முடித்தவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வகம் மாறுவார்கள். ஓய்வு பெறுவோரும் உண்டு. ஆள் போனதும் பல நிறுவனங்கள் கணக்கை மூடிவிடும். அதனால் அவருடைய ஆகக் கடைசிக் கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் அவருடைய பக்கத்தைத் திறந்து, ஆண்டு வாரியாக அடுக்கினால் அது மேலே வந்துவிடும்.

அதே பக்கத்தில், பெயருக்குக் கீழே, இன்ன டொமைனில் மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த டொமைனில் உள்ள ஒரு முகவரிக்குக் கூகுள் அனுப்பிய இணைப்பை அவர் திறந்து உறுதி செய்திருக்கிறார் என்பதே அதற்குப் பொருள். முழு முகவரியைக் காட்டாது, நிறுவனத்தை மட்டும் காட்டும். அது என்றைக்கோ நடந்த சரிபார்ப்பாகவும் இருக்கலாம். இப்போது எங்கே இருக்கிறார் என்பதற்கு ஆர்க்கிட் உதவும். 2012-இல் தொடங்கிய இந்தப் பதிவேடு ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த எண் பெரிய வரம். மின்னஞ்சலை அங்கே பலர் மறைத்தே வைப்பார்கள். ஆனால் எந்த நிறுவனத்தில், எந்த ஆண்டு முதல் என்ற விவரம் பெரும்பாலும் திறந்திருக்கும்.

நிறுவனம் உறுதியானால் அதன் தளத்துக்குப் போய், துறை, ஆசிரியர் பட்டியல் என்று இறங்க வேண்டும். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. 1971-இல் ரே டாம்லின்சன் கணினிகளுக்கு இடையே செய்தி அனுப்பும் வழியை அமைத்தபோது, ஆளையும் அவருடைய கணினியையும் பிரிக்க @ குறியை நடுவில் வைத்தார். இன்றும் அமைப்பு அதுதான்: குறிக்கு வலப்பக்கம் இடம், இடப்பக்கம் ஆள். வலப்பக்கத்தை யாரும் சோதிக்கலாம். ‘ஏசி டாட் இன்’ என்று முடிவதைக் கல்வி நிறுவனங்களுக்குத்தான் கொடுப்பார்கள். ‘கவ் டாட் இன்’ அரசுக்கு. இலங்கைப் பல்கலைக்கழகம் என்றால் ‘ஏசி டாட் எல்கே’. ஆனால் விதியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் டொமைன் ‘டாட் இடியு’ என்று முடியும். சென்னை ஐஐடியில் மாணவர்களுக்கு ‘எஸ்மெயில்’ என்று தொடங்கும் தனி டொமைன். அங்கே ஆசிரியர் ஒருவருடைய முகவரி என்று யாராவது அதைக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும்.

தளங்களில் முகவரியை @ குறி இல்லாமல் ‘அட்’, ‘டாட்’ என்று எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் படமாகவே போட்டிருப்பார்கள். இணையத்தில் அலைந்து முகவரிகளைக் கூட்டிக் குவிக்கிற ரோபோ நிரல்களுக்குச் சிக்காமல் இருக்கத்தான் அப்படி. நாம் கையால் தட்டும்போது பூஜ்யமா ‘ஓ’வா, ஒன்றா சிறிய ‘எல்’லா என்று நின்று பார்க்க வேண்டும்.

நம் அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் இன்னொரு நிலைமை உண்டு. கல்லூரிப் பக்கத்திலேயே பேராசிரியர்களின் முகவரி ஜிமெயிலாக இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம். நிறுவனக் கணக்கு கிடைக்காததால் ஆண்டுக்கணக்கில் சொந்த ஜிமெயிலிலேயே ஆய்வுக் கடிதங்களை நடத்துகிறவர்கள் ஏராளம். ஜிமெயிலா இல்லையா என்று பார்ப்பதைவிட, அதை யார் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சரி. கல்லூரியின் பக்கமும் அவருடைய கட்டுரையும் அதே முகவரியைச் சொன்னால் அது அவருடையது. எங்கோ ஒரு பட்டியலில் மட்டும் இருந்தால், அது வெறும் எழுத்துக் கோவை.

எதுவும் கிடைக்காவிட்டால்தான் ஊகம் எட்டிப் பார்க்கும். பெயர், ஒரு புள்ளி, குடும்பப் பெயர் என்று சேர்த்து அனுப்பிப் பார் என்று வெளிநாட்டு அறிவுரைகள் சொல்லும். தமிழ்ப் பெயர்களிடம் அது செல்லாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்துதான். ‘ரா. கவிதா’ என்பவர் ஓர் இதழில் கவிதா ஆர் என்று இருப்பார், இன்னொன்றில் ஆர். கவிதா, மூன்றாவதில் தகப்பனார் பெயரான ராமசாமியே குடும்பப் பெயராகி, இவர் ‘டாக்டர் ராமசாமி’ ஆகிவிடுவார். நிறுவனத்தில் கணக்கு திறந்தவர் இந்த மூன்றில் எதை எடுத்தாரோ! போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. திருமுருகனில் தொடக்கத் ‘தி’க்கு ‘ஹெச்’ உண்டா இல்லையா, எழிலில் வரும் ழகரத்துக்கு ‘இசட் ஹெச்’ போட்டாரா ‘எல்’ போட்டாரா என்று பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இல்லாத முகவரிகளுக்கு வரிசையாக மெயில் போனால் அனுப்பியவரைத்தான் சர்வர் சந்தேகிக்கும். அதைவிட மோசம், ஒன்று பெயரொற்றுமையால் வேறொருவருக்குப் போய்ச் சேர்வது.

ஒரு முகவரி உண்மையா என்று அனுப்பாமலே தெரிந்துகொள்ள முடியாதா? ஒரு காலத்தில் முடிந்தது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. இன்னார் இங்கே இருக்கிறாரா என்று சர்வரிடம் கேட்டால் அது சொல்லிவிடும். ஒருவரை ஒருவர் நம்பிய சின்ன உலகம் அது. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் இதையே வைத்து முகவரிகளை அறுவடை செய்யத் தொடங்கியதும் நிர்வாகிகள் அந்தக் கதவைச் சாத்தினார்கள். இன்று ‘வெரிஃபை’ செய்து தருகிறோம் என்று வரும் தளங்கள் பலவும் செய்வது, ஒரு கடிதம் கொண்டுவந்ததாகச் சொல்லி, பெறுநர் பெயரைக் கொடுத்து, சர்வர் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடிதத்தைத் தராமலே திரும்புவது. சில நிறுவனங்களின் சர்வர் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லும்; வடிகட்டுவது பின்னால் நடக்கும். அங்கே இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. இருக்கிறது என்ற பதில் உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பெட்டி இருக்கிறது என்றுதான் தெரியும். கதவு எண் சரியாக இருப்பதாலேயே வீட்டுக்குள் இருப்பவர் நாம் தேடி வந்தவர் ஆகிவிடமாட்டார்.

என் தீர்மானமான கருத்து இதுதான்: சரிபார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, பெட்டிக்கும் ஆளுக்கும் உள்ள உறவை. அந்த உறவைச் சொல்லும் உரிமை அவருக்கும் அவருடைய நிறுவனத்துக்கும்தான் இருக்கிறது. ஆகவே கட்டுரை, துறைப் பக்கம், ஆய்வகத்தின் சொந்தத் தளம் என்று தனித்தனியான இரண்டு இடங்களாவது ஒரே முகவரியைச் சொல்ல வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்த நாலு தளங்கள் ஒரு சாட்சிக்குக்கூட ஈடாகாது. இரண்டாவது சாட்சி கிடைக்கவில்லையா? துறை அலுவலகத்தின் தொலைபேசி எண் தளத்தில் இருக்கும். கூப்பிட்டு, “இன்ன கல்லூரியில் இருந்து பேசுகிறேன், சாருக்கு ஒரு கடிதம் அனுப்பணும், கட்டுரையில் இந்த மெயில் ஐடி இருக்கு, இதுதானா?” என்று நம் கையில் இருப்பதைப் படித்துக் காட்ட வேண்டும். ஐடி கொடுங்கள் என்று கேட்டால் தயங்குகிறவர்கள்கூட, இருப்பதைச் சரி என்றோ பழையது என்றோ சொல்லத் தயங்குவது குறைவு. கைப்பேசி எண்ணையோ வீட்டு முகவரியையோ நோண்டக் கூடாது. அவர் வெளியே வைக்காததை நாம் தேடி எடுக்க வேண்டியதில்லை.

அனுப்பிய பிறகு மெயில் பவுன்ஸ் ஆனால் பதறி அழிக்காமல் அந்த அறிக்கையைப் படியுங்கள். உள்ளே ஓர் எண் இருக்கும். 550, கூடவே 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டி இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. முகவரி சரி, சில நாள் கழித்து அனுப்பலாம். 5.7.1 என்றால் ஏதோ ஒரு விதியின்படி மறுத்திருக்கிறார்கள். முகவரி சரியாகவே இருக்கலாம், பெரிய இணைப்பையும் நீண்ட சுட்டிகளையும் நீக்கி எழுதிப் பாருங்கள். 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடங்கல். சர்வரே மறுபடி முயலும், நாம் மறுபடி அனுப்ப வேண்டாம்.

பதில் வந்தால் அதையும் பாருங்கள். மெயிலில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பேராசிரியர் பெயரில், வேறு முகவரியில் இருந்து, பயிற்சிக்கு இடம் உண்டு, பதிவுக் கட்டணம் அனுப்பு என்று வந்தால், பணம் என்ற சொல்லைப் பார்த்த இடத்திலேயே நிறுத்தி அலுவலகத்துக்குப் பேச வேண்டும். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ போலத் தெரியும். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால், அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டு, எந்த டொமைன் அந்தக் கடிதத்துக்குக் கையொப்பம் இட்டிருக்கிறது என்று பார்க்கலாம். நிறுவனத்தின் முகவரியில் இருந்து வந்ததாகச் சொல்லும் கடிதத்தில் அங்கே முன்பின் தெரியாத டொமைன் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எந்தக் கட்டுரை, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்தது, நீங்கள் யார், எந்த மாதங்களில் வர முடியும்: இவ்வளவு போதும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படித்த உடனே தெரிந்துவிடும். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அதே கட்டுரையின் இன்னோர் ஆசிரியருக்கு எழுதுங்கள். அவருடைய முகவரியையும் முதலில் இருந்து இதே வழியில் தேட வேண்டும்; முதலாமவருடைய முகவரியைப் பார்த்து அமைப்பை ஊகித்து அல்ல.