கஞ்சியோடு போவது என்ன?

சோறு வடிப்பது நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கும் வேலை. உலை கொதித்ததும் களைந்த அரிசியைப் போட்டு, பதம் பார்த்துக் கஞ்சியை வடித்தால் சோறு தயார். இதில் விஞ்ஞானம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வெப்பம், அழுத்தம், கரைதல், விரவல் என்று இயற்பியல் வகுப்பில் படிக்கும் பாடங்களெல்லாம் அந்தப் பானைக்குள்ளே நடைபெறுகின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், காசு கொடுத்து வாங்கிய அரிசியின் சத்து எங்கே போகிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பவை விளங்கும்.

அரிசி மணியின் அமைப்பு

நெல்லின் உமியை நீக்கினால் பழுப்பு நிறமான அரிசி கிடைக்கிறது. அந்த நிறத்துக்குக் காரணம் அரிசியைப் போர்த்தியிருக்கும் தவிட்டுப் படலம். மணியின் ஒரு முனையில் முளைக்கரு இருக்கிறது. ஆலையில் தீட்டும்போது தவிடும் முளைக்கருவும் நீங்கி வெள்ளை அரிசி எஞ்சுகிறது. இதன் 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்தும் 7 கிராம் புரதமும் உள்ளன.

ஆனால் அரிசியிலுள்ள தையமின் என்னும் பி-1 வைட்டமினில் பெரும்பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கிறது. இந்த வைட்டமின் நமக்கு எதற்கு? மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக மாற்றும் வேலையில் இது இன்றியமையாதது. மாவுச்சத்தை விறகு என்று கொண்டால், அது எரிவதற்கு உதவும் பொருள் தையமின். நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். எனினும் உடல் இதை அதிகமாகச் சேமித்து வைப்பதில்லை. சோறு மிகுதியாக உண்பவருக்கு இது மிகுதியாகத் தேவை. அந்தச் சோற்றிலோ இது குறைவு!

கோழிகள் காட்டிய வழி

தையமின் குறைந்தால் வரும் நோய் பெரிபெரி. கால்கள் மரத்துத் தளரும், உடல் வீங்கும், இதயம் பாதிக்கப்பட்டு உயிரும் போகும். நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பரவிய 19ஆம் நூற்றாண்டில், ஆசியாவில் பல்லாயிரம் பேர் இந்நோயால் மாண்டனர்.

அந்த நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவில் பணிபுரிந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் தம் ஆய்வுக்கூடக் கோழிகளின் கால்கள் தளர்வதைக் கண்டார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவை தின்றுவந்தன. தீட்டாத அரிசியைப் போட்டதும் அவை தேறின. அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது என்றும், தவிடு அதை முறிக்கிறது என்றும் ஐக்மன் முதலில் எண்ணினார். தவிட்டிலுள்ள ஒரு சத்து குறைவதே நோய்க்குக் காரணம் என்று 1901ல் விளக்கியவர் அவருக்குப் பின் அங்கு ஆராய்ந்த கெரிட் கிரீன்ஸ். ஐக்மனுக்கு 1929ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தையமினை 1936ல் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க வேதியியலார் ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர்.

புழுங்கலரிசி தந்த பாதுகாப்பு

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. அதே நாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடமோ அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. 1905ல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்கு நோய் கண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. புழுங்கலரிசிப் பிரிவில் நோய் பரவவில்லை.

இதன் காரணம் எளியது. ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மையை விட்டால், யாரும் கலக்காமலே அது மெல்ல எங்கும் பரவுகிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் இவ்வாறு செல்வதை விரவல் என்கிறோம். நெல்லை ஊறவைக்கும்போது நீர் உள்ளே புகுகிறது. தவிட்டிலுள்ள தையமின் அந்த நீரில் கரைந்து மணியின் உட்பகுதிக்குப் பரவுகிறது. பின்பு அவிக்கும்போது மாவுச்சத்து பசையாகி, காய்ந்தபின் கெட்டிப்படுகிறது. சத்து உள்ளே சிறைப்படுகிறது. இதன்பின் தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் ஒரு பகுதி சத்து அரிசியில் தங்கிவிடும்.

பானையில் நடக்கும் இழப்பு

விரவல் இரு திசையிலும் வேலை செய்யும். நெல்லுக்குள் சத்தைக் கொண்டுசென்ற அதே விதி, சமையலறையில் அதை வெளியே கொண்டுவருகிறது. அரிசியை நாம் களையும்போது மேற்பரப்பில் ஒட்டியுள்ள தவிட்டுத்தூளும் தையமினும் நீரில் போகின்றன. நிறைய நீரில் வேகவைக்கும்போது இன்னொரு பகுதி கரைந்து வெளியேறுகிறது. கஞ்சியை வடித்ததும் அதுவும் போய்விடுகிறது. களைவதாலும் வடிப்பதாலும் பச்சரிசி தையமினில் பெரும்பங்கை இழக்கிறது, புழுங்கலரிசியில் இழப்பு குறைவு என்பதைக் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தினர் 1940ல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்காட்டினர். துணிக்குக் கஞ்சி போடும் வீட்டில், மனிதருக்குச் சேரவேண்டிய வைட்டமின் வேட்டிக்குச் சேர்கிறது!

பருப்பு, பயறு, காய்கறி எல்லாம் உண்பவருக்கு இந்த இழப்பு பெரிதன்று. பெரிபெரியும் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் சோறும் ஏதோ ஒரு குழம்பும் மட்டுமே உணவாக உள்ள வீட்டில் ஒவ்வொரு மில்லிகிராமும் கணக்குக்குரியது. காஷ்மீரில், தீட்டிய அரிசியைப் பலமுறை களைந்து, வடித்து உண்ணும் தாய்மாரின் கைக்குழந்தைகளிடம் இந்த நூற்றாண்டிலும் பெரிபெரியை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். தாய்ப்பாலில் தையமின் குறைந்ததே காரணம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் வெறும் சோறும் ரசமும் கொடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகுமா?

பானை தளதளவென்று கொதித்தால் சோறு விரைவில் வெந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். கொதிக்கும் நீரில் ஆய்வுக்கூட வெப்பமானியை வையுங்கள். தீயைக் கூட்டினாலும், கொதி அடங்காத அளவுக்குக் குறைத்தாலும் அது 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. இதுவே உள்ளுறை வெப்பம். 30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதை முழுதும் ஆவியாக்கவோ 540 கிலோகலோரி வேண்டும். ஆகவே கொதி வந்தபின் மூடிபோட்டுத் தீயைத் தணித்துவிடுங்கள். வேகும் நேரம் கூடாது; எரிபொருள் மிஞ்சும்.

விரைவாக வேகவேண்டுமானால் கொதிநிலையையே உயர்த்தவேண்டும். பிரஷர் குக்கர் செய்வது அதைத்தான். அதனுள் அழுத்தம் வெளியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்காவதால், நீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. உதகமண்டலத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே காற்றழுத்தம் குறைவு. நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகும். அதிக வெப்பம் தையமினை ஓரளவு சிதைக்கும் என்றாலும், குக்கரில் நேரம் குறைவு, வடிக்கும் நீரும் இல்லை. குக்கரிலும் விசில் வந்தபின் தீயைக் குறைப்பதே சரி.

நாம் செய்யக்கூடியவை

அரிசியைத் தேய்த்துக் கசக்காமல் ஓரிரு முறை மட்டும் களையுங்கள். ஊறவைத்தால் ஊறிய நீரிலேயே வேகவிடுங்கள். பச்சரிசி ஒரு பங்குக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு, புழுங்கலுக்கு மூன்று பங்கு என்று அளந்து ஊற்றினால் வடிக்கவே தேவையில்லை. வடித்தே பழக்கம் என்றால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம். வடித்த சோறு நீரிழிவுக்கு நல்லது என்று நம்பி அளவின்றி உண்ணாதீர்கள். கஞ்சியில் போவது மாவுச்சத்தில் சிறு பகுதியே. மீதி முழுதும் இலையில்தான் இருக்கிறது.

பருப்பு சீக்கிரம் குழைய ஆப்பசோடா போடும் வழக்கத்தை விடுங்கள். காரத்தன்மை தையமினை அழிக்கிறது. அதற்குப் பதில் பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள். காய்கறிகளை நறுக்கியபின் கழுவாமல், கழுவியபின் நறுக்குங்கள். சிறு துண்டுகளுக்கு மேற்பரப்பு அதிகம். அந்த வழியே சத்தும் அதிகமாகக் கரைந்து வெளியேறும். வெப்பமும் காற்றும் வைட்டமின் சி-யைச் சிதைப்பதால், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழியுங்கள். அது கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் துணை செய்யும்.

இவற்றில் எதற்கும் கூடுதல் செலவு இல்லை. நாளை காலை உங்கள் வீட்டில் உலை வைக்கும்போது அடுப்பருகே சற்று நில்லுங்கள். எவ்வளவு நீர் ஊற்றப்படுகிறது, எவ்வளவு வடிக்கப்படுகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு நீரைக் குறைத்துச் சமைப்பது பற்றி வீட்டில் பேசுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த விரவல் விதி அன்றைக்கே பயன் தரத் தொடங்கிவிடும்.