இமயத்தின் ஏட்டு மரம்

தமிழர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர் என்பதை நேயர்கள் அறிவர். பனை வளராத இமயச் சாரலில் வாழ்ந்தோர் எதில் எழுதினர்? அவர்களுக்கு ஏடு அளித்தது பூர்ச்ச மரம். வடநாட்டார் இதனைப் போஜபத்திரம் என்பர்.

காடு முடிந்து புல்வெளியும் பனியும் தொடங்கும் எல்லையே இம்மரத்தின் இருப்பிடமாகும். சில இடங்களில் 4,500 மீற்றர் உயரம் வரையிலும் இதனைக் காணலாம். தாழ்ந்த சரிவுகளில் நெடிது ஓங்கும் இம்மரம், மேலே செல்லச் செல்லக் குறுகிக் கோணி நிற்கும். மாரியில் இலை உதிர்த்துவிடும். பனியின் பாரம் அழுத்துகையில் கிளைகள் ஒடியாது வளைந்துகொடுக்கும். ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தோன்றும். மகரந்தத்தைச் சுமப்பதும், சிறகுடைய நுண்ணிய விதைகளைப் பரப்புவதும் காற்றே.

இம்மரத்தின் தனிச்சிறப்பு அதன் பட்டை. வெண்மையும் இளஞ்செம்மையும் கலந்த அப்பட்டை, தாள் தாளாக உரியும் இயல்பினது. அதிலுள்ள பெற்றுலின் என்னும் பொருள் நீரை உட்புகவிடாது தடுக்கின்றது. ஓலையிற் போலக் கீறாமல், இதில் மையினால் எழுதினர். காளிதாசனின் குமாரசம்பவத்திலும் இப்பட்டையில் எழுதும் வழக்கம் கூறப்படுகின்றது. காந்தார நாட்டுப் பௌத்தர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய பட்டைச் சுருள்கள், மட்பாண்டங்களுள் இருந்து கிடைத்துள்ளன. 1881ஆம் ஆண்டில் பெஷாவர்ப் பகுதியிலுள்ள பக்ஷாலி என்னும் ஊரில் ஒரு கணித ஏடு அகப்பட்டது. சுன்னத்தைப் புள்ளியாற் குறிக்கும் அந்நூலும் பூர்ச்சப் பட்டையில் எழுதப்பட்டதே. அது இன்று ஒக்ஸ்போர்ட்டில் உள்ளது.

வெளிப்பட்டையை மட்டும் பக்குவமாக உரித்தால் மரம் பிழைத்திருக்கும். உட்பட்டை வெட்டுண்டால் நலியும். ஆனால் மரத்துக்குப் பெருங்கேடு விளைவித்தது ஏடன்று, அடுப்பே. கங்கோத்திரிக்கு மேலேயுள்ள போஜ்பாசா என்னும் இடம், இம்மரங்கள் நிறைந்திருந்தமையாற் பெயர் பெற்றது. யாத்திரிகர் பெருகவே, குளிர்காயவும் உணவு சமைக்கவும் மரங்கள் வெட்டப்பட்டன. பெயர் நிற்க, காடு அருகியது. பின்னர் அங்கு நாற்றுகளை நட்டு வளர்க்கும் முயற்சிகள் தொடங்கின. ஆயினும் குளிர் மிகுந்த அவ்வுயரத்தில் மரம் மிக மெல்லவே வளர்கின்றது. ஓர் இரவின் அடுப்புக்கு இரையான மரத்தை ஈடு செய்யப் பல்லாண்டுகள் வேண்டும்.

எழுதியவர் மறைந்த பின்னும் அவர்தம் அறிவைக் காத்துத் தந்தது இம்மரம். அதனைக் காப்பது இனி மனிதர் கடமை.