ஒரே சட்டத்தில் பிறந்த தண்ணீரும் தடமும்

1866-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, உள்நாட்டு யுத்தம் ஓய்ந்து ஓராண்டு சற்றே கடந்திருந்த வேளையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் காங்கிரஸ் மகாசபை இயற்றிய சட்டம் ஒன்று, பொது நிலங்களின் வழியாக வாய்க்கால் வெட்டியவர்களுக்கு அந்த வழியின்மேல் பாத்தியதை அளிப்பதையும் பிற நோக்கங்களையும் கருதியது என்று தன் தலைப்பிலேயே கூறிக்கொண்டது. அந்தப் பிற நோக்கங்களுள் ஒன்றுதான், ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், யூட்டா மாநிலத்தின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் ஜீப்புகளும் சாலையில்லா நிலத்தில் ஓடவென்றே செய்யப்பட்ட நான்கு சக்கர மோட்டார்களும் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்று நடந்துவரும் விவகாரங்களுக்கெல்லாம் மூலாதாரமாக நிற்கிறது. தண்ணீரின்மீதும் தடத்தின்மீதும் மேற்கு மாநிலங்கள் கொண்டாடும் பாத்தியதைகள் ஒரே தாயின் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறிந்தால்தான், ஒன்று கட்டுப்பாட்டிலும் மற்றது கட்டுப்பாடின்றியும் வளர்ந்த விதம் விளங்கும்.

கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட 1848 முதல் மலைகளில் குவிந்த சுரங்கத் தொழிலாளர்கள், மத்திய சர்க்காருக்குச் சொந்தமான நிலத்தில், எந்தப் பத்திரமும் பட்டாவும் இன்றிக் குடியேறி, மண்ணிலிருந்து தங்கத்தை அலசிப் பிரிப்பதற்காக மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுசென்றார்கள். ஆற்றின் கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கே ஆற்று நீர் என்ற ஆங்கிலேய மரபு, கரையில் எவருக்கும் நிலமே சொந்தமில்லாத அந்தப் பிரதேசத்தில் பயன்படவில்லை. ஆகவே, யார் முதலில் நீரைத் திருப்பிக் காரியத்துக்குக் கொண்டுவந்தானோ அவனுக்கே முதற் பாத்தியம் என்று அவர்கள் தங்கள் முகாம்களில் ஏற்படுத்திக்கொண்ட வழக்கத்தை, 1855-இல் இர்வின் எதிர் பிலிப்ஸ் வழக்கில் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. நெவாடாவின் செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட் முன்னின்று நடத்திய 1866-ஆம் ஆண்டுச் சட்டம், தன் ஒன்பதாவது பிரிவில், இந்த உள்ளூர் வழக்கத்துக்கு மத்திய சர்க்காரின் சம்மதத்தை அளித்தது. அதற்கு முந்திய எட்டாவது பிரிவோ ஒரே வாக்கியம்: பிற பொதுக் காரியங்களுக்கென ஒதுக்கப்படாத பொது நிலங்களில் நெடுஞ்சாலை அமைப்பதற்கு வழியுரிமை இதனால் வழங்கப்படுகிறது என்பதே அதன் சாரம். யாரிடம் மனு கொடுப்பது, எங்கே பதிவு செய்வது, எத்தனை அடி அகலம் என்பனவற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பின்னர் சட்டங்கள் தொகுக்கப்பட்டபோது இந்தப் பிரிவு பெற்ற எண்ணைக் கொண்டு, ஆர்.எஸ். 2477 என்றே இன்றளவும் இதை எல்லாரும் குறிப்பிடுகிறார்கள்.

தண்ணீரின் கதையை முதலில் பார்ப்போம். 1847-இல் யூட்டாவில் பெரிய உப்பேரியின் பள்ளத்தாக்கை அடைந்த மார்மன் மதத்தினர், வந்து சேர்ந்தவுடனேயே ஓடை நீரைத் திருப்பி உழவைத் தொடங்கியவர்கள். அமெரிக்காவின் மிக வறண்ட மாநிலங்களில் நெவாடாவுக்கு அடுத்ததாகக் கூறப்படும் யூட்டாவில், நீரை எழுத்தில் அளந்து வைக்காமல் ஊர்கள் நிலைத்திருக்க முடியாது. 1897-இல் ஸ்டேட் எஞ்சினியர் என்னும் பதவி அங்கே உண்டாயிற்று. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிதாக நீர் எடுக்க விரும்புகிறவன் அந்த அதிகாரியிடம் மனு செய்தே ஆகவேண்டும் என்றாயிற்று. பாத்தியதை ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, அளவு உண்டு, எடுக்கும் இடம் உண்டு, இன்ன காரியத்துக்கு என்ற குறிப்பும் உண்டு. பஞ்ச காலத்தில் பழைய தேதிக்காரன் தன் பங்கை முழுமையாக எடுத்துக்கொண்ட பிறகே புதிய தேதிக்காரனுக்குச் சொட்டு நீரும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரயோஜனமான உபயோகமே பாத்தியதைக்கு அடிப்படையும் அளவும் எல்லையுமாகும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. சட்டம் ஒப்பும் காரணமின்றி ஏழாண்டுகள் தொடர்ந்து உபயோகிக்காமல் விட்டவன் தன் பாத்தியதையை இழக்க நேரும். இந்த முறை கடுமையானது என்பதிலும், பலமுறை ஏழைக் குடியானவனுக்குப் பாதகமாக முடிந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அது தன் எல்லையைத் தானே அறிந்த கடுமை.

தடத்தின் பாத்தியதை இவ்விதம் வளரவில்லை. மத்தியச் சட்டம் மௌனமாக இருந்தபடியால், எது நெடுஞ்சாலை என்பதை நிர்ணயிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலச் சட்டங்களைச் சார்ந்தது. யூட்டாவின் சட்டமோ, பொதுமக்கள் பத்தாண்டுகள் இடைவிடாமல் நடந்தும் வண்டியோட்டியும் வந்த வழி பொதுவழியாக அர்ப்பணமாகிவிட்டது என்று கூறுகிறது. அவ்விதம் ஒருமுறை பொதுவழியான தடம், அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சக்கரமும் உருளாது கிடந்தாலும், உரிய அதிகாரிகள் முறைப்படி உத்தரவிட்டு நீக்கும் வரையில் பொதுவழியாகவே இருக்கும். தண்ணீரை ஏழாண்டு மறந்தவனுக்கு நஷ்டம். தடத்தை ஐம்பதாண்டு மறந்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒரே சட்டத்தின் அடுத்தடுத்த இரு பிரிவுகளிலிருந்து இப்படி நேர்மாறான இரண்டு தர்மங்கள் முளைத்தன என்பதே இந்த விஷயத்தில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது.

1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி காங்கிரஸ் மகாசபை ஆர்.எஸ். 2477-ஐ ரத்துச் செய்தது. ஆனால் அதற்கு முன்பே உண்டாகிவிட்ட பாத்தியதைகளை அப்படியே காப்பாற்றிவிட்டது. அதனால் வாதம் முழுவதும், அந்தத் தேதிக்கு முன்பு யார் எந்த வழியே போனார்கள் என்ற கேள்வியில் போய் நின்றது. 2012-இல் யூட்டா சர்க்காரும் அதன் கவுண்டிகள் என்னும் மாவட்டங்களும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடங்களைப் பற்றி, மொத்தத்தில் சுமார் 35,000 மைல் நீளத்துக்கு, மத்திய நீதிமன்றத்தில் உரிமை வழக்குகள் தொடுத்தார்கள். நேரில் கண்டவர்கள் முதுமையடைந்து மறைந்துவருவதால், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே அவர்களுடைய வாக்குமூலங்களைப் பதிந்துவைக்கும் வேலையும் நடந்துவருகிறது. அத்தடங்களில் உண்மையான கிராமச் சாலைகளும் உண்டு. ஓடைப் படுகைகளும், மாட்டு மந்தை போன சுவடுகளும், யுரேனியம் தேடியவர்களின் இயந்திரம் ஒருமுறை கீறிவிட்டுப் போன கோடுகளும் உண்டு.

இவற்றுள் சால்ட் கிரீக் என்ற ஓடையின் வழக்கு, தண்ணீரும் தடமும் ஒன்றாகவே கிடந்த வழக்காதலால், சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 1964-இல் அமைக்கப்பட்ட கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், கொலராடோ, கிரீன் என்னும் இரு பெருநதிகளை விட்டால், ஆண்டு முழுவதும் நீர் காணும் ஓடை இதுவே. இதன் கரைகளில் மரங்களும், புராதனப் பழங்குடியினரின் கட்டடச் சிதைவுகளும், பாறைச் சித்திரங்களும் இருக்கின்றன. ஏஞ்சல் ஆர்ச் என்னும் கல்வளைவைக் காண விரும்பியவர்கள் ஜீப்பில் செல்லும் தடம், ஓடையின் ஓரமாக மட்டும் அல்லாமல், பல இடங்களில் ஓடையின் படுகைக்குள்ளேயே, நீரில் இறங்கியும் ஏறியும் சென்றது. வண்டிகள் அங்கே பழுதாகி நின்று எண்ணெயை நீரில் கசியவிட்டதும், கரைத் தாவரங்கள் நசுங்கியதும் பதிவாகியுள்ளன. பூங்கா நிர்வாகம் 1990-களில் அனுமதிச் சீட்டு முறையை ஏற்படுத்தியபோது சுற்றுச்சூழல் சங்கத்தினர் அது போதாதென வழக்கிட்டார்கள். 2004-இல் நிர்வாகம் மோட்டார் போக்குவரத்தை அடியோடு நிறுத்தியபோது, சான் ஹுவான் கவுண்டியும் யூட்டா மாநிலமும் அது எங்கள் பொதுவழி என்று வழக்காடின.

2014-இல் பத்தாவது வட்டார அப்பீல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மாநிலத்துக்குப் பாதகமாக முடிந்தது. மாநிலச் சட்டம் கேட்பது இடைவிடாத பத்தாண்டுப் பொது உபயோகம். பூங்கா பிறப்பதற்கு முன்பு அந்த ஓடை வழியே மாடு மேய்த்தவர்கள் போனார்கள், தாதுப் பொருள் தேடியவர்கள் சிலர் போனார்கள், உல்லாசப் பயணிகள் சிலரும் போனார்கள் என்பதையெல்லாம் ஏற்றுக்கொண்ட நீதிபதிகள், பொதுமக்கள் நினைத்தபோதெல்லாம் தொடர்ந்து சென்று வந்த வழி என்று பத்தாண்டுகளுக்கு அது நிரூபிக்கப்படவில்லை என்று முடிவுசெய்தார்கள். ஓடை இன்று வண்டியின்றி ஓடுகிறது. ஆனால் தீர்ப்பு சாட்சியத்தின் போதாமையை வைத்து எழுந்ததேயொழிய, ஓடைப் படுகை சாலையாகலாமா என்ற கேள்வியை வைத்து எழவில்லை. நிரூபணம் இன்னும் பலமாக இருந்திருந்தால், பாலைவனத்தின் ஓர் அபூர்வமான நீரோடை சட்டப்படி நெடுஞ்சாலையாகவே ஆகியிருக்கக்கூடும். அந்த நினைப்பு எனக்குத் துயரம் தருகிறது.

ஓடைக்கு வெளியே, உலர்ந்த நிலத்தில் ஓடும் சக்கரமும் நீருக்குச் சம்பந்தமற்றதல்ல. கொலராடோ பீடபூமியின் மணலுக்கு மேல், நுண்ணிய நீலப்பச்சைப் பாசிகளும் பாசிக்காளான்களும் சேர்ந்து பின்னிய ஒரு மெல்லிய உயிர்ப்படலம் உண்டு. மணல் காற்றில் எழாமல் கட்டிவைத்திருப்பது அதுவே. ஒரு முறை அழுந்திய சக்கரத்தின் சுவடு அதில் பல பத்தாண்டுகள் ஆறாது. படலம் உடைந்த நிலத்திலிருந்து எழும் செம்புழுதி, காற்றில் கிழக்கே சென்று மலைகளின் பனிமேல் படிந்து, பனியைக் கறுக்கச் செய்து, வெயிலை அதிகம் ஈர்த்து, பனி பல நாட்கள் முந்தியே உருகும்படி செய்கிறது. இதனால் கொலராடோ நதிக்கு வரும் நீர் ஆண்டுக்குச் சுமார் 5 சதவிகிதம் குறைகிறது என்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. நான்கு கோடி மக்கள் நம்பியிருக்கும் நதியில் இது சிறிய பங்கல்ல. நூற்றைம்பது ஆண்டு மேய்ச்சலுக்கு இந்தப் புழுதியில் மிகப் பெரும் பொறுப்பு உண்டு என்பதை மறைக்கலாகாது. மோட்டார் வண்டிகள் பின்னால் வந்து சேர்ந்த கூட்டாளிகள். அதிபர் நிக்ஸன் 1972-இல் பிறப்பித்த உத்தரவு, பொது நிலத்தில் இத்தகைய வண்டிகளுக்குத் தடங்கள் குறிக்கும்போது மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் நேரும் சேதம் குறைவாக இருக்கவேண்டும் என்று அன்றே கட்டளையிட்டிருந்தது. ஆனால் 2004-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகா தன் கடமையைப் பொதுவில் சரியாகச் செய்யவில்லை என்ற முறையீட்டின் பேரில், சட்டம் திட்டவட்டமாக விதிக்காத காரியத்தைச் செய்யும்படி அதை வற்புறுத்த முடியாது என்று ஏகமனதாகக் கூறிவிட்டது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்கவேண்டும். யூட்டாவின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மத்திய சர்க்காரின் கையில் இருக்கிறது. தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலைக்குப் போகும் வழியைத் தொலைதூரத்து வாஷிங்டனில் இருப்பவர்கள் அடைத்துவிட்டார்கள் என்று உழவனும் இடையனும் வருந்துவது போலி வருத்தமல்ல. நடக்க இயலாத முதியவர்கள் வண்டியிலன்றி அப்பள்ளத்தாக்குகளை வேறு எவ்விதம் காண்பார்கள் என்ற கேள்வியும் உண்டு. 2014 மே மாதத்தில் ரீகாப்ச்சர் பள்ளத்தாக்கில் கவுண்டி ஆணையர் ஒருவரே முன்னின்று, மூடப்பட்ட தடத்தில் மோட்டார் ஊர்வலம் நடத்தி, மறு ஆண்டு குற்றவாளியென்று தீர்க்கப்பட்டு, 2020-இல் அதிபரின் மன்னிப்பைப் பெற்றதற்குப் பின்னால் இருந்ததும் இந்த மனக்குறையே. ஆனால் இந்த நிலத்தில் மார்மன்களுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் முன்பே இருந்தவர்களை 1866-இல் எவரும் கேட்கவில்லை. பழங்குடியினரின் ஒதுக்கு நிலங்கள் ஏற்பட்ட தேதியிலேயே அவற்றுக்கு நீர்ப் பாத்தியதையும் உண்டாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1908-இல் வின்டர்ஸ் வழக்கில் தீர்த்தது. யூட்டாவில் நவஹோ மக்களுக்கு ஆண்டுக்கு 81,500 ஏக்கர்-அடி நீர் உண்டு என்ற உடன்படிக்கையைக் காங்கிரஸ் அங்கீகரித்தது 2020-இல்தான்.

அண்மைக் காலத்துச் சட்டங்களைப் பார்த்தால் அதே இரட்டை மனப்பான்மை தொடர்வது தெரிகிறது. 2022 நவம்பரில் பெரிய உப்பேரி இதுவரை பதிவானவற்றுள் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு வற்றியது. அதே ஆண்டில் யூட்டாவின் சட்டசபை, நிலத்துக்குப் பாய்ச்ச உரிமையுள்ள நீரை ஆற்றிலேயே விட்டு ஏரிக்குச் செல்ல அனுமதிப்பவன் பாத்தியதையை இழக்காதபடி வழிவகுத்தது. ஓடவிடுவதும் பிரயோஜனமான உபயோகமே என்று ஒப்புக்கொண்ட இந்தச் சட்டம், கொலராடோ மாநிலம் 1973-இலேயே எடுத்துவைத்த அடியைப் பின்பற்றுவது; தாமதமாயினும் பாராட்டுக்குரியது. தடத்தின் விஷயத்திலோ, 2023 முதல் இத்தகைய வண்டிகளை ஓட்டுகிறவர்கள் ஒரு பாடப் பயிற்சியை முடிக்கவேண்டும் என்று விதித்ததோடு சட்டசபை நின்றுகொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் மோவாப் நகருக்கு அருகே 317 மைல் தடங்களை மத்திய நில நிர்வாக இலாகா மூடியபோது, மாநிலம் அதை எதிர்த்துப் போராடியது. 2024-இல் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் ஏக்கர் மத்திய நிலத்தைக் குறித்து நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போயிற்று. அந்த மனு 2025 ஜனவரியில் ஏற்கப்படாமல் போயிற்று.

தடத்தையும் தண்ணீரைப் போலவே நடத்தலாம் என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 2005-இல் இதே பத்தாவது வட்டார நீதிமன்றம், ஆர்.எஸ். 2477 பாத்தியதையின் பரப்பு 1976-இல் வழக்கத்தில் இருந்த உபயோகத்துக்கு நியாயமாகவும் அவசியமாகவும் வேண்டிய அளவுக்கு உட்பட்டதே என்று கூறியிருக்கிறது. அதாவது உபயோகமே அளவு என்ற தண்ணீர்ச் சட்டத்தின் தத்துவத்தை, தடத்துக்கும் பாதிவழி கொண்டுவந்துவிட்டது. மீதிப் பாதியைச் செய்யவேண்டியது மாநிலத்தின் சட்டசபை. நீர்ப் பாத்தியதைக்குக் கேட்பதைப் போலவே, ஒவ்வொரு தடத்துக்கும் தேதியும் அகலமும் காரியமும் எழுதிப் பதியச் சொல்லலாம். நெடுங்காலம் உபயோகமின்றிக் கிடந்தவை தாமே நீங்கிவிடும் என்று விதிக்கலாம். ஓடைப் படுகைக்குள் செல்லும் வழி எக்காலத்திலும் நெடுஞ்சாலையாகாது என்று ஒரு வரி சேர்க்கலாம். உண்மையான கிராமச் சாலைகளை இதனால் எவரும் இழக்கமாட்டார்கள். அவற்றின் உபயோகம் கண்கூடு. யூட்டாவின் சட்டசபை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கூடி 45 நாட்கள் அமர்கிறது. ஏழாண்டு நீரை மறந்த குடியானவனிடம் காட்டும் கண்டிப்பை, ஐம்பதாண்டு மறக்கப்பட்ட ஜீப் தடத்தினிடமும் காட்டுமாறு அந்த மாநிலத்தின் பிரஜைகள் தங்கள் பிரதிநிதிகளைக் கேட்கவேண்டும்.