உங்களுக்குத் தெரியுமா? விரலைத் தூக்கிவிடும் கையுறை

பியானோவில் கட்டையை அழுத்துவது பாதி வேலைதான். அழுத்திய விரல் சட்டென்று மேலெழ வேண்டும். பாக் என்ற இசையமைப்பாளரின் இசையை வாசிப்பதில் பேர்பெற்ற பிரேசில் பியானோ கலைஞர் ஜுவாவ் கார்லோஸ் மார்ட்டின்ஸுக்கு அதுவே முடியாமல் போனது.

1965இல் நியூயார்க்கில் கால்பந்து ஆடும்போது விழுந்ததில் கை நரம்பு பழுதானது. 1995இல் பல்கேரியாவில் வழிப்பறிக்காரர்கள் தலையில் தாக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. கடைசியில் இசைக்குழு நடத்துநராக மாறினார்.

எண்பது வயதை நெருங்கும்போது, தொழில்துறை வடிவமைப்பாளர் ஒருவர் அவருக்கென்றே ஒரு கையுறை செய்து தந்தார். ‘பயோனிக்’ என்று பெயர் என்னவோ பெரிசு, சூட்சுமம் எளிது. விரல்களின் மேலுள்ள எஃகுப் பட்டைகள், அழுத்திய விரலை ஸ்பிரிங் போல மேலே இழுத்துவிடும், அவ்வளவுதான்.

இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகு பத்து விரல்களும் கட்டைகளைத் தொட்டன. பழைய வேகம் திரும்பவில்லை. மெதுவான பாக் பகுதிகளில் தொடங்கி, புதிதாகக் கற்பவரைப் போலப் பயின்றார். 2022இல் கார்னகி ஹால் மேடையில் கையுறையோடு வாசித்தார்.